நாலு நம்பர் வரி

அரசாங்கம் நாளைக்கே ஒரு சட்டம் கொண்டுவருவதாக வைத்துக்கொள்ளுவோம். புதன், சனி, ஞாயிறு ஆகிய 3 நாட்களிலும், தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் நாளொன்றுக்கு 10 வெள்ளி வரி செலுத்த வேண்டும். சேருகின்ற தொகையில் நூற்றுக்கு 36 பங்கை நாங்கள் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உங்களில் யாரோ சிலருக்கு, இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல், அள்ளி வீசுவோம் என்று அச்சட்டம் கூறுமானால், நம்மவர் வாளா இருப்பார்களா? கோலா சாவாவிலிருந்து சிரம்பான் வரைக்கும் கொடி பிடித்து நடந்திருப்பார்கள். கண்டனக் கூட்டம் என்ன, தீர்மானங்கள் என்ன, மகஜர் என்ன! ஆனால் அதே வரியை, அதே நாட்களில், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு நாமே தேடிப்போய்ச் செலுத்திவிட்டு, சீட்டைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்புகின்றோம். அதற்கு வரி என்று பெயரில்லை. நம்பர் எடுப்பது என்று பெயர்.

இவ்விஷயத்தைப் பேசத் தொடங்கினாலே, “கிராணி ஐயாவுக்கு இருந்திருந்து இதுதானா கிடைத்தது? ஏழை ஏதோ 2 வெள்ளிக்கு ஆசைப்படுகின்றான், விட்டுவிடுங்கள்” என்று சொல்லும் அன்பர்கள் பலர். அவர்களுக்குப் பதில் பின்னர் கூறுவோம். முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு எழுதிப் பிழைக்கின்ற நமக்குக் கையில் உள்ள ஆயுதம் அது ஒன்றுதான்.

0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு பெறுவன 23: முதல் மூன்று, சிறப்புப் பரிசு 10, ஆறுதல் பரிசு 10. ‘பெரியது’ என்னும் பந்தயத்தில் 1 வெள்ளி கட்டியவருக்கு முதற்பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்பு 180, ஆறுதல் 60. இப்போது ஒரு பெரும் பணக்காரர் நஷ்டமே வரக்கூடாது என்று கருதி, 10,000 எண்களையும் தாமே 1 வெள்ளி வீதம் வாங்கிவிடுகின்றார் என்று வையுங்கள். எல்லாப் பரிசும் அவருக்கே. 2,500, 1,000, 500, சிறப்பில் 1,800, ஆறுதலில் 600; கூட்டினால் 6,400. பத்தாயிரம் கொடுத்து ஆறாயிரத்து நானூறு பெற்றுக்கொண்டு வீடு திரும்புவார். ‘சின்னது’ என்னும் பந்தயத்தில் 3,500, 2,000, 1,000 என 6,500 கிடைக்கும். எல்லாப் பரிசையும் ஒருவரே வென்றாலும் கதி இதுவென்றால், 10,000 எண்களில் ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுடைய கதி என்ன? இதில் இரகசியம் ஏதுமில்லை. பரிசு இன்னின்னதென்று கம்பெனியாரே எல்லோருக்கும் அறிவித்திருக்கின்றார்கள். கூட்டிப் பார்ப்பதற்குத்தான் நம்மவருக்கு நேரமில்லை.

இன்னொரு கணக்கு. வாரத்திற்கு 3 குலுக்கல். சில செவ்வாய்க்கிழமைகளில் வரும் சிறப்புக் குலுக்கலை விட்டுவிட்டால் ஆண்டுக்கு 156. ஒருவர் ஒரே எண்ணை ஒரு குலுக்கலும் தவறாமல் எடுத்து வருகின்றார். சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை அவருக்கு முதற்பரிசு விழும்? 64 ஆண்டுகளுக்கு ஒரு முறை. 21 வயதில் தொடங்கினால் 85 வயதில் 2,500 வெள்ளி கைக்கு வரலாம், வராமலும் போகலாம். அதற்குள் அந்த ஒரு வெள்ளி வீதமே 10,000 வெள்ளி போயிருக்கும். சிறு பரிசுகள் இடையிடையே விழுமே என்பீர்கள். அவற்றையெல்லாம் சேர்த்துத்தான் மேலே 64 காசு என்றோம். தொத்தோவின் 58 எண்களில் 6 எண்களைத் தெரிந்தெடுக்கும் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதில் 4 கோடியே 4 இலட்சத்துச் சொச்சம் வகைகள் உண்டு. உமது சீட்டு அவற்றுள் ஒன்று.

இனி அந்த ‘2 வெள்ளி’ அன்பருக்கு வருவோம். 2 வெள்ளியோடு நிற்பவர் எவரும் இருந்தால் நமக்கு அவரோடு வழக்கில்லை. ஆனால் 3 கம்பெனிகள் இருக்கின்றன. கனவில் வந்த எண்ணை முன்பின்னாக மாற்றிப் போட்டால் 24 விதம் ஆகின்றது. ‘பெரியது’ம் ‘சின்னது’ம் தனித்தனியே இருக்கின்றன. ஆகையால் நாளொன்றுக்கு 10 வெள்ளி என்று நாம் வைத்தது கருணையோடு வைத்த கணக்கு. வாரம் 30, ஆண்டுக்கு 1,560. இந்நாட்டில் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டில் ஏறக்குறைய ஒரு மாதம் முழுவதும் செம்பனைக் குலை அறுத்ததும், உரம் சுமந்ததும், பாம்புக்கும் முள்ளுக்கும் அஞ்சி நடந்ததும் இதற்குத்தான் என்றாகிறது. அந்த 1,560 வெள்ளியை ஆண்டுதோறும் எடுத்துவைத்து, நூற்றுக்கு 5 வட்டி கிடைக்கும் ஓர் இடத்தில் 20 ஆண்டுகள் போட்டால் 51,000 வெள்ளிக்கு மேல் நிற்கும். ஊழியர் சேமநிதி 2024-ஆம் ஆண்டுக்கு நூற்றுக்கு 6.3 இலாப ஈவு கொடுத்தது. அதில் தொழிலாளி தானாகவும் பணம் கட்டலாம். இதையும் பலர் கேட்டதில்லை.

‘64 காசு திரும்பி வருகின்றதே!’ என்று ஒரு வக்கீல் எழுந்திருக்கக்கூடும். வருகின்றது, யாருக்கு? லயத்தில் ஒரு வீட்டிற்கு 60 வெள்ளி ஆறுதல் விழுந்தால் அன்று மாலையே அது பாட்டிலாகவும் கோழியாகவும் மாறிவிடுகின்றது. மீதி அடுத்த சனிக்கிழமை கடைக்கே போய்விடுகின்றது. விழுந்த கதை தோட்டமெங்கும் பரவும். விழாத கதையை யாரும் சொல்லுவதில்லை. ஐம்பது வீட்டார் தோற்றது ஐம்பது வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. ஒரு வீட்டார் வென்றது மட்டும் ரந்தாவ் சந்தை வரைக்கும் போகின்றது. கம்பெனிக்கு இதைவிட மலிவான விளம்பரம் வேறு என்ன வேண்டும்?

பணம் போவதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். இந்த நம்பர் நம்முடைய கண்ணை என்ன செய்துவிட்டது என்பதைப் பாருங்கள். சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் லாரியில் மோதி ஓர் இளைஞன் கிடக்கின்றான். கூடியவர்களில் ஒருவர் தண்ணீருக்கு ஓடுகின்றார். ஒருவர் ஆம்புலன்சைக் கூப்பிடுகின்றார். மூன்றாமவர் குனிந்து எதைப் பார்க்கின்றார்? வண்டியின் எண் பலகையை. முன்னிருக்கும் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மாத்திரம் குறித்துக்கொள்ளுகின்றார். பையனுடைய பெயர் தெரிவதற்கு முன்பே அவனுடைய வண்டியின் எண் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுகின்றது. சாவு வீட்டிலும் இதே கதைதான். இறந்தவருடைய வயது, வீட்டு எண், ஆஸ்பத்திரிக் கட்டில் எண், சவ வண்டியின் எண், அடையாள அட்டையின் கடைசி 4 எண்கள் – இவற்றை விசாரித்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களை நாம் ஒவ்வொரு சாவிலும் காண்கின்றோம். அந்த அட்டையின் கடைசிப் பகுதியைச் சரியாக 4 எண்களாக அமைத்தது யாரோ, நம்மவருக்குப் பேருபகாரம் செய்தார்! குழந்தை பிறந்தாலும் தப்பாது. பிறந்த மணியும் நிமிஷமும் சேர்ந்து ஓர் எண்ணாகிவிடும். வாழ்வும் சாவும் நம்மவருக்கு ஒரு காலத்தில் ஊர் கூடுவதற்குக் காரணமாயிருந்தன. இப்போது அவை நம்பருக்குக் காரணமாயிருக்கின்றன.

சில சமயங்களில் எல்லோரும் ஒரே எண்ணைக் குறிவைத்துச் செல்லும்போது, அந்த எண் ‘விற்று முடிந்துவிட்டது’ என்று கடையில் கையை விரிப்பார்கள். ஏனென்று நம்மவர் கேட்பதில்லை. அடடா, முந்தாமற் போனோமே என்று வருந்துவார்கள். ஓர் எண்ணின்மேல் இவ்வளவுதான் பந்தயம் ஏற்போம் என்று கம்பெனி எல்லை கட்டியிருக்கின்றது. தப்பித்தவறி அந்த எண் விழுந்தாலும் தனக்கு ஆபத்து வரக்கூடாதென்ற எச்சரிக்கை. ஆகவே இந்தச் சூதாட்டத்தில் சூதாடாதவர் ஒருவர் உண்டென்றால் அவர் கம்பெனியார்தாம்.

கனவுக்கு எண் சொல்லும் படப் புத்தகம் ஒன்று இருக்கின்றது. சீனருடைய துவா பே கோங் தெய்வத்தின் பெயரால் வழங்குவது. 000 முதல் 999 வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். ஒரு பாடப் புத்தகமேனும் ஒழுங்காக இல்லாத வீட்டிலும் இது இருக்கும். வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் முதலில் தடியைத் தேடாமல் இந்தப் புத்தகத்தைத் தேடுகின்றவர்கள் உண்டு என்றால் வெளியூரார் நம்பமாட்டார்கள். தோட்டத்து வாசகர் சிரித்துக்கொள்ளுவர். சாமியாடியிடம் போய் எண் கேட்பது அடுத்த படி. நம் பாட்டன்மார் காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில், புலிக்கும் காய்ச்சலுக்கும் பயந்து எல்லையில் காவலுக்கு வைத்த முனியாண்டியை, பேரப்பிள்ளைகளாகிய நாம் நம்பர் ஏஜெண்டாக ஆக்கிவிட்டோம்! நாம் கேட்பது ஒன்றுதான். புதன்கிழமை விழப்போகும் எண் அவருக்கு முன்கூட்டியே தெரியுமானால், தம் கோயில் கூரைக்குத் தகரம் போட நம்மிடம் ஏன் நன்கொடைச் சீட்டு வருகின்றது?

ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்த நம் வகுப்பாரை விட்டுவிட்டுத் தொழிலாளியை மாத்திரம் ஏசுவது நியாயமாகாது. அவர்கள் சாமியாடியிடம் போவதில்லை, கணினியிடம் போகின்றார்கள். பழைய குலுக்கல் முடிவுகளையெல்லாம் கட்டங்கட்டமாக எழுதி, எந்த எண் நெடுநாளாக வரவில்லையோ அது ‘வரவேண்டிய எண்’ என்று கண்டுபிடிக்கின்றார்கள். போன புதன்கிழமை எது வந்தது என்று அந்தப் பந்துகளுக்குத் தெரியாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் எழுதித் தேறியவர்கள்தாம் இவர்கள். சாமியாடியாவது வேப்பிலையோடு நிற்கின்றார். இவர்களுடைய மூடநம்பிக்கைக்குக் கழுத்துப்பட்டை கட்டியிருக்கின்றது, வித்தியாசம் அவ்வளவே.

கடையில் கைக்காசு வேண்டும். சட்டத்திற்குப் புறம்பான நம்பருக்கு அதுவும் வேண்டாம். கைப்பேசியில் ஒரு செய்தி போதும், கடனுக்கு எழுதிக்கொள்ளுவார்கள், விலையிலும் தள்ளுபடி உண்டு. கடனென்றால் கை தாராளமாகின்றது. வாரக் கடைசியில் கணக்கு வந்து நிற்கும்போதுதான் மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகின்றது. அதுவும் தீர்ந்தால் ஆலோங். அவன் வட்டிக்குமேல் வட்டி ஏற்றி, தவணை தப்பினால் வாசற்கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போவான். பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் அந்தச் சிவப்புக் கதவைப் பாராதவர் யார்? ஆபீசு ஜன்னலில் வந்து முன்பணம் கேட்போரெல்லாம் நம்பருக்குத்தான் கேட்கின்றார்கள் என்று நாம் கூறவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரே மாதத்தில் மூன்று முறை கேட்பவரும், மூன்று முறையும் அது புதன்கிழமையாகவே இருப்பதும் கண்டு, எழுதுகோலைச் சற்று நேரம் கீழே வைத்திருக்கின்றோம் என்று மட்டும் கூறுவோம்.

நம் முன்னோருக்குக் கள் ஒரு பகையாக இருந்தது. அதை அவர்கள் பகையென்று அறிந்துகொண்டார்கள். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். யுத்தம் முடிந்தபின் 1946-47-இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படையினர் அதே கள்ளுக்கடைகளின் முன் நின்று போராடினார்கள். கள்ளுக்கு வாடை உண்டு, குடித்தவன் நடுவழியில் விழுந்து கிடப்பான், ஊர் பார்க்கும். நம்பருக்கு வாடையில்லை. எடுத்தவன் குளித்து, தலை சீவி, திருநீறு பூசி நேராக நடந்துவருகின்றான். அவன் விழுந்திருப்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. அதனால்தான் கள்ளை எதிர்க்கப் படை திரண்ட சமூகத்தில், நம்பரை எதிர்க்க நான்கு பேர் சேருவது அரிதாயிருக்கின்றது.

அரசாங்கங்கள் இதைத் தீர்க்கும் என்று காத்திருப்பவர்கள் பழைய வரலாற்றைச் சற்றுப் புரட்டவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் ஐக்கிய மலாய் நாடுகளில் சூதாட்டத்தைக் குத்தகைக்கே விட்டிருந்தார்கள். அக்குத்தகை 1912-ஆம் ஆண்டின் முடிவில்தான் ஒழிந்தது. சுதந்திரம் வந்தபின் 1969-இல் மெக்னமும் தொத்தோவும் தோன்றின. இதிலே ஒரு வேடிக்கை. தமிழர் தமக்குள் மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ‘கூட்டு’ இருக்கின்றதே, அதைத் தடுக்க 1971-இல் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் ஏறிவிட்டது. நம்பருக்கு உரிமம், கூட்டுக்குத் தடை! கூட்டில் ஏமாற்றம் நிகழலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூட்டில் போட்ட பணம் ஒழுங்காக நடந்தால் முழுவதும் திரும்பி வரும். நம்பரில் ஒழுங்காக நடந்தாலே 36 காசு போய்விடும்.

தாயகத்து நிலையும் இதுதான். 1967-இல் கேரள அரசும், 1968-இல் அண்ணாதுரை முதலமைச்சராயிருந்த தமிழ்நாட்டு அரசும் பரிசுச் சீட்டுத் தொடங்கின. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அங்கே முழக்கம் செய்தார்கள். நல்ல எதுகை மோனை. ஆனால் வீட்டிலிருந்து போனதுதானே நாட்டுக்குப் போகவேண்டும் என்பதை எவரும் கேட்கவில்லை. ஏழைக் குடும்பங்கள் அழிவதைக் கண்டு தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு எல்லா லாட்டரியும் தடை செய்யப்பட்டது. அதன் பின்பும் கள்ளத்தனமாக 3 நம்பர் லாட்டரி நடந்துகொண்டுதான் இருந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அதனால் வந்த கடனைத் தாங்காமல் பெற்றோரும் 3 பெண் குழந்தைகளுமாக ஒரு குடும்பமே மாண்டது. இங்கேயும் கிளந்தானில் 1990 முதல் நம்பர்க் கடைகள் இல்லை. கடை இல்லாத இடத்தில் கைப்பேசி இருக்கின்றது. தடை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தடை மாத்திரம் போதாது என்கின்றோம். 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கடைகள் சுமார் 3 மாதம் மூடிக் கிடந்தன. அந்த 3 மாதமும் நம்பர் இல்லாமல் ஒருவர் உயிரும் போகவில்லை. திறந்த அன்றைக்குக் கடை வாசலில் வரிசை நின்றது.

கம்பெனிகள் தருமம் செய்கின்றனவே என்கின்றனர். செய்கின்றன. நம்மிடம் வாங்கிய 36 காசில் ஏதோ ஒரு சிறு பகுதி, காசோலையும் புகைப்படமுமாக நம்மிடமே வந்து சேர்கின்றது. அப்படத்தில் கை கூப்பி நிற்பவர் நம்மவர்.

ஏழைக்கு வேறு நம்பிக்கை ஏது என்ற கேள்விதான் இவ்வளவிற்கும் கடைசியாக வருவது. கனமான கேள்வியும் அதுதான். தோட்டம் துண்டாடப்பட்டு, வீடு இழந்து, பட்டணத்து ஓரங்களில் ஒதுங்கிய குடும்பத்திற்கு 4 எண்களைத் தவிர வேறு எது மிச்சம் என்கின்றார்கள். இக்கேள்விக்குப் பதில் நம் சரித்திரத்திலேயே இருக்கின்றது. தோட்டங்களை முதலாளிகள் துண்டு துண்டாக விற்று, தொழிலாளரைத் தெருவில் நிறுத்திய அந்நாட்களில், 1960-ஆம் ஆண்டு, வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்றுக்கு 100 வெள்ளி. அதை 10 வெள்ளி வீதம் தவணையாகக் கட்டலாம். நாட்கூலி சில வெள்ளியாயிருந்த பால்வெட்டுத் தொழிலாளிகள் கட்டினார்கள். தோட்டந்தோட்டமாகப் போய்ச் சேர்த்த அந்தப் பத்துப்பத்து வெள்ளியைக் கொண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் மற்றத் தோட்டங்கள். சங்கத்தைப் பற்றி இன்றைக்குப் பலருக்குப் பல அபிப்பிராயம் உண்டு. அவை வேறு கட்டுரைக்குரியன. நாம் இங்கே காட்டவந்தது அந்தப் 10 வெள்ளியைத்தான். பாட்டன் கட்டியதும் 10 வெள்ளி. பேரன் கட்டுவதும் 10 வெள்ளி. பாட்டன் மாதத்திற்கு ஒரு முறை கட்டினான். அவனுக்கு நிலத்தில் பங்கு வந்தது. பேரன் வாரத்திற்கு மூன்று முறை கட்டுகின்றான்.

ஒரு தோட்டத்தில் 20 குடும்பங்கள் நம்பருக்குப் போகும் பணத்தில் பாதியை மாத்திரம் நிறுத்தி ஒன்று சேர்த்தால் ஆண்டுக்கு 15,600 வெள்ளி. கூட்டு என்று நடத்தினால் சட்டம் குறுக்கே வரும். ஆகையால் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம், அல்லது ஏற்கனவே பதிவான ஒன்றில் சேர்ந்துகொள்ளலாம். இதைச் சொன்னவுடன், “அண்ணே, பணத்தை யார் வைத்துக்கொள்ளுவது? கணக்கு யார் காட்டுவது?” என்று நம்மவர் கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் இதே கேள்வியைக் கைப்பேசிக்கு அப்பால் இருக்கும் அந்த நம்பர்காரனிடம், அவன் முகமோ ஊரோ பேரோ தெரியாமல் பணத்தைக் கொடுத்துக்கொண்டு வரும் இத்தனை ஆண்டுகளில், ஒரு முறையேனும் கேட்டதுண்டா? கணக்கு எழுத ஆள் வேண்டுமானால் தோட்டந்தோறும் ஒரு கிராணி இருக்கின்றார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவருக்கு ஓய்வும் இருக்கின்றது. ஒவ்வொருவர் கட்டியதையும் பிரட்டுக்களத்துப் பலகையில் எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டட்டும்.